மேலே மொட்டையான ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் தொட்டிக்கு ஒரு கொண்டை ஊசி போதும்

வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ் (இதய வடிவ இலைகள் கொண்ட தொங்கும் கொடிச்செடி) கீழே நீளமாகத் தொங்கி, தொட்டியின் மேல்பக்கம் மட்டும் மொட்டையாக இருக்கிறதா? கொடியை வெட்ட வேண்டாம். நீளமான ஒன்றை மேலே தூக்கி மண்மீது வட்டமாகச் சுற்றி, இலைகள் ஜோடியாகக் கிளம்பும் கணு மண்ணைத் தொடும்படி கொண்டை ஊசியால் அழுத்திவிடுங்கள். சில வாரங்களில் கணுவிலிருந்து வேர் இறங்கும், அப்புறம் புதுக்கொடி கிளம்பும். கணுவில் பட்டாணி போல ஒரு சின்னக் கிழங்கு தொங்கினால் இன்னும் நல்லது, அதையே மண்ணில் பதியுங்கள்.

வெள்ளைப் பகுதியில் பச்சையம் கிடையாது. அதனால் வெட்டி நட்ட துண்டு வேர்விடக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகலாம். வெட்டாத கொடிக்கோ தாய்ச்செடியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும்.

முழுக்கப் பச்சையாக மாறிய கொடியை இப்படிச் சுற்றாதீர்கள், அதிலிருந்து பெரும்பாலும் பச்சைதான் வரும். அதை அடியோடு வெட்டிவிடலாம். முழு வெள்ளைக் கொடி வேர்விட்டாலும் தனியாகப் பிழைக்காது. மண் சொதசொதவென்று இருந்தால், காயும்வரை பொறுங்கள். ஈரத்தில் கணு அழுகிவிடும்.