ரெட் அலர்ட்டுன்னு டிவில ஓடுனா எத எப்படி பாக்கறது

ஐப்பசி பொறந்தா போதும், எங்க அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல ரேடார் படமா வந்து கொட்டும், அதுல பாதி போன வருஷத்துது. ஃபார்வர்ட நம்பாதீங்க, நேரா வானிலை ஆய்வு மையத்தோட சைட்டுக்கோ மௌசம் ஆப்புக்கோ போய் படத்துல போட்டிருக்கற நேரத்த பாருங்க. அது பெரும்பாலும் யுடிசில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரம் வேணும்னா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கணும். ராத்திரி 9 மணிக்கு பாக்கறப்ப 15:30ன்னு இருந்தா பழசுன்னு நெனச்சு மூடிடாதீங்க, அது இப்ப எடுத்ததுதான்.

அடுத்து அறிக்கைய வரி வரியா படிங்க. மஞ்சள்னா கவனிச்சிட்டே இரு, ஆரஞ்சுன்னா ரெடியா இரு, சிவப்புன்னா எறங்கி வேலைய பாரு, அவ்ளோதான். அளவு எங்க இருக்குன்னா வார்த்தைல இருக்கு: கனமழைன்னா 7லேர்ந்து 11 செ.மீ., மிக கனமழைன்னா 12லேர்ந்து 20, அதி கனமழைன்னா அதுக்கும் மேல, எல்லாமே காலைல எட்டரைலேர்ந்து மறுநாள் எட்டரை வரைக்குமான கணக்கு. கூடவே "ஓரிரு இடங்களில்"னு ஒரு வார்த்தை வரும், யாரும் கண்டுக்கறதில்ல. மாவட்டம் முழுக்க கொட்டும்னு அதுக்கு அர்த்தம் இல்ல, அங்கங்க நாலுல ஒரு பங்கு எடத்துக்குள்ள அந்த அளவு விழலாம்னு அர்த்தம். 2024 அக்டோபர் 16 சென்னைக்கு ரெட் அலர்ட், வேளச்சேரி பாலத்து மேல கார வரிசையா கொண்டுபோய் நிறுத்தினாங்க, பயந்த அளவுக்கு மழை வரல, ஊரே கலாய்ச்சுது. நான் கலாய்க்க மாட்டேன், கார் நனையாம வீட்டுக்கு வந்துச்சுல்ல.

இதுக்கு நேர் எதிர் கதையும் இருக்கு. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் புயலும் இல்ல ஒண்ணும் இல்ல, குமரிக்கடல் பக்கம் வெறும் வளிமண்டல கீழடுக்கு சுழற்சி (தாழ்வான உயரத்துல காத்து சுத்தறது), நியூஸ்ல தெனமும் கேட்டு சலிச்சுப்போன அதே வார்த்தை, ஆனா 18ஆம் தேதி காலைல காயல்பட்டினத்துல ஒரே நாள் கணக்கு 95 செ.மீ.! புயல்னு பேர் வெச்சாதான் பயப்படணும்னு இல்லங்க.

ரேடார்ல கலர விட ஓட்டத்த பாருங்க. நாலஞ்சு படத்த வரிசையா ஓட்டிப் பாத்தா மேகம் கடல்லேர்ந்து எந்தப் பக்கம் ஏறுதுன்னு தெரிஞ்சிடும். பக்கத்துல இருக்கற கலர் பட்டைல 40 டிபிஇசட் (மழைத்துளில பட்டு ரேடாருக்கு திரும்பி வர்ற சிக்னலோட அளவு) தாண்டினா நல்ல கொட்டுன்னு வெச்சுக்கலாம், ஆனா சிவப்பா ஒரு பொட்டு வந்து வேகமா ஓடிப்போனா பிரச்சனை இல்ல, மஞ்சளா ஒரு பட்டை உங்க ஊர் மேலயே திரும்பத் திரும்ப ஏறிட்டு இருந்தா அன்னிக்கு தூக்கம் இல்லன்னு முடிவு பண்ணிடுங்க. சென்னை ரேடார் படம் வரலன்னா ஸ்ரீஹரிகோட்டாவ பாருங்க, டெல்டா ஆளுங்களுக்கு காரைக்கால்.

கரையைக் கடந்துடுச்சுன்னு சொன்னதும் டிவிய ஆஃப் பண்ற பழக்கம் வேற. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை ஏறி, நகராம அங்கயே உக்காந்துடுச்சு, மயிலத்துல 50 செ.மீ.க்கு மேல பேஞ்சுது.

அடையாறு ஓரம் இருக்கறவங்க மழைய மட்டும் பாத்தா பத்தாது, செம்பரம்பாக்கம் ஏரி மட்டத்தயும் பாக்கணும், அங்க திறக்கற தண்ணி அடையாறுலதான் வரும், ஏரியோட முழு உயரம் 24 அடி. 22 தாண்டி மழையும் விடலன்னா எவ்ளோ கன அடி திறக்கறாங்கன்னு கேட்டுட்டே இருங்க. இடிக்கு தாமினி ஆப், அவசரத்துக்கு மாநில கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்ட கட்டுப்பாட்டு அறை 1077, ரெண்டையும் இப்பவே போன்ல சேவ் பண்ணிடுங்க, கரண்ட் போனப்புறம் தேடிட்டு இருக்க முடியாது.