சின்ன ஏர்லைன்ஸ்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தென்னிந்தியாவில் சின்ன விமான நிறுவனம் ஒன்று மூடப்படும்போதெல்லாம், "கூட்டம் இல்லை, அதான் போச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பல நேரங்களில் அது உண்மை இல்லை. மதுரைக்காரர்களின் பாரமவுண்ட், பெங்களூரு ஏர் பெகாசஸ், விஜயவாடா ஏர் கோஸ்டா, மூன்றின் கதையையும் பாருங்கள், விமானம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும், அதன் சொந்தக்காரர் யாரோ ஒருவர், எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் பொறுமை தீர்ந்த அன்றைக்குக் கடையும் சாத்தப்பட்டிருக்கும்.

ஆனால் கோளாறு அதற்கு வெகு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. முதல் தவறு, ஒற்றை விமானத்தை வைத்துக்கொண்டு அட்டவணை போடுவது. கோவையில் ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஒரே ஒரு ஏடிஆர் 72 ப்ரொப்பெல்லர் விமானத்தை வைத்துச் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது, 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஒரு விமானத்தை வைத்து நாலைந்து ட்ரிப் ஓட்டுவது காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். காலை ஏழு மணி ஃப்ளைட்டில் ஒரு பறவை மோதியது என்று வையுங்கள். இன்ஜினியர் பார்க்க வேண்டும், சாமான் வேறு ஊரிலிருந்து வர வேண்டும், அன்றைய எல்லா ட்ரிப்பும் போச்சு. சாயங்காலம் வரை காத்திருந்து ஏமாந்தவர் அடுத்த வாரம் சேரன் எக்ஸ்பிரஸில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டு போவார், அவரைத் திரும்பக் கூட்டிவர முடியாது. நானும் ஒருமுறை இப்படிப் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பெனியின் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். அங்கே இருந்த பெண்ணுக்கு "ஆபரேஷனல் ரீசன் சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரப்படவில்லை, பாவம். இத்தனைக்கும் பைலட், இன்ஜினியர், கவுன்ட்டர் ஆட்கள், லைசென்ஸ் வேலைக்கு ஓர் அலுவலகம் என்று ஒரு விமானத்துக்கு ஆகும் கூட்டம் மூன்று விமானத்துக்கு அப்படியே மூன்று மடங்கு ஆகிவிடாது.

அடுத்தது எடைக் கணக்கு. இதுதான் எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த விஷயம். முழுப் பாரத்தோடு 40 டன்னுக்குக் குறைவான விமானத்துக்கு ஊற்றும் எரிபொருளுக்கு மாநிலங்கள் 4 சதவீதத்துக்கு மேல் விற்பனை வரி போட முடியாது என்று மத்திய சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது, பின்னால் அது 5 ஆனது. தமிழ்நாட்டில் பெரிய விமானங்களுக்கு அதே எரிபொருளுக்கு 29 சதவீதம்! போதாததற்கு, 80 சீட்டுக்குக் கீழே இருந்தால் தரையிறங்கும் கட்டணமும் கிடையாது. 2005 அக்டோபரில் கிளம்பிய பாரமவுண்ட் இந்த எடைக்குள் அடங்கும் எம்ப்ரயர் 170, 175 ஜெட்டுகளை எடுத்து, எல்லாவற்றையும் பிசினஸ் கிளாஸ் சீட்டாகப் போட்டு, கட்டணத்தைச் சாதாரண வகுப்புப் பக்கமாகவே வைத்திருந்தது. கெட்டிக்காரத்தனம்தான். 2013 அக்டோபரில் வந்த ஏர் கோஸ்டாவும் 67 சீட் எம்ப்ரயர் 170-இல்தான் தொடங்கியது. அப்புறம் 112 சீட் உள்ள 190-க்குத் தாவியது. அந்த விமானம் முழுப் பாரத்தோடு கிளம்பும்போது 47 டன்னைத் தாண்டும், சீட்டும் 80-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு சலுகையும் ஒரே தாவலில் காலி. பெரிய விமானத்தை எடுத்தால் ஒரு சீட்டுக்கு ஆகும் செலவு குறையும் என்பது சரிதான், ஆனால் அந்த அளவுக்குப் போய்விட்டால் எதிரில் நிற்பது இண்டிகோ.

அதோடு விட்டார்களா? 2014 பிப்ரவரியில் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியில் 50 புது எம்ப்ரயர்களுக்கு ஆர்டர். பட்டியல் விலை 294 கோடி டாலர். அன்றைக்கு அவர்களிடம் இருந்த விமானங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மூன்றே வருஷத்தில், 2017 பிப்ரவரி 28 அன்று, பறப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது குத்தகைக்கு வருவோம். டிக்கெட் விற்பது ரூபாயில், வாடகை கட்டுவது டாலரில். வாடகையோடு முடிவதில்லை, இன்ஜினும் சக்கரமும் தேய்வதற்கென்று பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனியாக ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் டாலர்தான். 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தொட்டபோது எத்தனை பேருடைய கணக்கு நோட்டு கிழிந்தது என்று யோசித்துப் பாருங்கள். வாடகை பாக்கி நின்றால் முன்பெல்லாம் வருஷக்கணக்கில் கோர்ட்டில் இழுக்கலாம். பாரமவுண்ட் 2010-இல் அடங்கியதே குத்தகை கொடுத்தவர்களோடு வழக்கு, விமானங்கள் ஒவ்வொன்றாகப் போனது என்ற வழியில்தான். அப்புறம் விமானம் வாடகைக்குக் கொடுப்பவர்களைக் காக்கும் கேப் டவுன் சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி விதிகள் மாறி, சொந்தக்காரர் எழுதிக் கேட்டால் விமானத்தின் பதிவை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சீக்கிரமே ரத்து செய்ய வேண்டியதாயிற்று, அதன் பிறகு அவர் விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடலாம். 2015 ஏப்ரலில் பெங்களூரு–ஹூப்ளி ஓட்டத்தில் தொடங்கிய ஏர் பெகாசஸ், கையில் மூன்று ஏடிஆர்களோடு, 2016 ஜூலையில் நின்றது இந்தப் பாக்கியால்தான். "முதலில் ஓட்டுவோம், வாடகையைப் பேசிக்கொள்ளலாம்" என்ற நினைப்பே தப்பு.

முன்பதிவுப் பணமும் அப்படித்தான். தீபாவளிக்கு இன்றைக்கு டிக்கெட் எடுத்தவரின் காசு, உண்மையில் தீபாவளி வரை அவருடையது. அதை எடுத்து இன்றைய எரிபொருளுக்குக் கொடுத்தால், தீபாவளியன்று எரிபொருளுக்கு எங்கே போவது? கொஞ்சம் ஆட்டம் கண்டதும் எண்ணெய் கம்பெனியும் விமான நிலையமும் கடனை நிறுத்தி, கையில் காசு வைத்தால்தான் ஆச்சு என்பார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்ட கம்பெனியில் சலுகை விலையில் டிக்கெட் விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள், அது உங்களிடம் வாங்கும் கடன்.

கடைசியாக மானியம். சின்ன ஊர்களுக்கு விமானம் விட 2017-இல் ஓடத் தொடங்கிய உடான் திட்டத்தில் ஏறக்குறைய பாதி சீட்டுகளை ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று விற்க வேண்டும் என்று தொடக்கத்தில் இருந்தது, குறைகிற பணத்தை அரசு தந்தது, மூன்று வருஷத்துக்கு. அந்த மூன்று வருஷம் ஆளைப் பழக்குவதற்கான அவகாசம். அதையே வருமானமாக நினைத்தவர்கள் நாலாவது வருஷம் காணாமல் போனார்கள். சேலம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் ஓடுதளத்தைப் பாருங்கள். தொண்ணூறுகளில் என்இபிசி ஏர்லைன்ஸ் வந்தது, போனது. 2009 கடைசியில் கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-இல் அதுவும் போனது. அடுத்த வருஷம் அந்தக் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் மறுபடி ஃப்ளைட் வந்தது, இந்த முறை வந்தவர்கள் இண்டிகோவும் அரசின் அலையன்ஸ் ஏரும். அதே வருஷம் ஏப்ரலிலேயே சென்னை–கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்க ஆரம்பித்திருந்தது.