திரவ உலோக ஆன்டெனா: உலோகத்தைப் பார்த்து மற்றதைக் கோட்டை விடாதீர்கள்

கேட்க ரொம்ப எளிதான யோசனைதான். நுண்குழாய்க்குள் உலோகம் ஏறினால் ஆன்டெனா நீளும், அது வேலை செய்யும் அதிர்வெண் இறங்கும். உலோகம் பின்வாங்கினால் அதிர்வெண் ஏறும். கால் அலைநீள ஆன்டெனாவுக்கு 900 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8 செ.மீ. வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸில் 3 செ.மீ. போதும், இரண்டுக்கும் ஒரே குழாய். இதைப் படித்த வேகத்தில் ஈகெய்ன் (அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உலோகக் கலவை: 75% காலியம், 25% இண்டியம்) ஒரு சிரிஞ்சு வாங்கி உட்கார்ந்தால், சிக்கல் பெரும்பாலும் உலோகத்தில் வராது, அதைச் சுற்றி இருப்பதில்தான் வரும்.

முதல் தவறு, பாதரசம் மாதிரி உருண்டு ஓடும் என்று நம்புவது. காற்று பட்ட நொடியே காலியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்ஸைடு தோல் படிந்துவிடும். அலைக்கு அந்தத் தோல் ஒரு பொருட்டே இல்லை, ஓட்டத்துக்குத்தான் எமன்: குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், உலோகத்தைப் பின்னால் இழுத்தாலும் அங்கங்கே திட்டுத்திட்டாக மிச்சம் நிற்கும், அந்த மிச்சமும் அலையோடு விளையாடி உங்கள் கணக்கைக் கெடுக்கும். ஆனால் ரப்பருக்குள் அடைத்து இழுத்து நீட்டும் வகை ஆன்டெனாவில் இதே தோல்தான் வடிவத்தைப் பிடித்து வைக்கிறது, அங்கே போய் அதைக் கரைக்கப் பார்க்காதீர்கள்.

சரி, ஈகெய்ன் செம்பைவிட 17 மடங்கு குறைவாக மின்சாரத்தைக் கடத்துகிறதே, உருப்படுமா என்று கேட்பவர்களும் உண்டு. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிக்கி குழு 2009-இல் காட்டிய நீளும் ஆன்டெனா 1910–1990 மெகாஹெர்ட்ஸில் சுமார் 90% திறனோடு கதிர்வீசியது. 1 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் ஈகெய்னின் மேல்பரப்பில் 9 மைக்ரான் ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும், ஆகவே குழாய் அதைப்போலப் பல மடங்கு பருமனாக இருந்தால் போதும்.

ஆக்ஸைடை விரட்ட குழாயில் காஸ்டிக் சோடா கரைசலை நிரப்புவார்கள். சிறிய மின்னழுத்தம் கொடுத்தால் உலோகம் தானாகக் குழாய்க்குள் ஏறும், திசையை மாற்றினால் பின்வாங்கும், பம்பே வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தில் 2015-இல் இப்படித்தான் 0.66 முதல் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அதன் கதிர்வீச்சுத் திறன் 41 முதல் 70 சதவீதம்தான். காஸ்டிக் சோடா கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிற தண்ணீர், ரேடியோ அலையை அது குடித்துவிடும்.

இங்கேதான் எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு நடக்கிறது. வி.என்.ஏ. என்ற அளவுக் கருவியில் எஸ்11 கோட்டில் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்ற அளவு) பள்ளம் அழகாக விழுந்ததும் ஆன்டெனா தயார் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு 50 ஓம் மின்தடையை மாட்டினாலும்தான் எஸ்11 பாதாளத்துக்குப் போகும், அது என்ன ஆன்டெனாவா? சக்தி திரும்பி வரவில்லை என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது, காற்றில் போனதா கரைசலில் சூடாகிப் போனதா என்று சொல்லாது. கெயினையும் (ஒரு திசையில் எவ்வளவு பலமாக வீசுகிறது என்பது) கதிர்வீச்சுத் திறனையும் தனியாக அளக்காமல் யாரிடமும் பெருமை பேசாதீர்கள்.

அப்புறம் இணைப்பு. அலுமினியத்தைக் கிட்டத்திலேயே சேர்க்க வேண்டாம், காலியம் அதன் நுண்படிக மணிகளுக்கு இடையே ஊடுருவி பிஸ்கட் போல நொறுக்கிவிடும். செம்பும் ஈயப்பற்றும்கூட மெல்ல மெல்லக் கலந்து போகும், அதனால் நேரடியாகத் தொடாமல், நடுவே காப்புப் பொருள் விட்டு மின்தேக்கி முறையில் இணைப்பது நல்லது. வெப்பநிலையையும் பாருங்கள்: ஈகெய்ன் 15.5 டிகிரியில் உருகுவது, குளிர்நாட்டு மொட்டை மாடியில் உறைந்தால் எந்த அதிர்வெண்ணில் நின்றதோ அங்கேயே நிற்கும்.

கடைசியாக, இதை எங்கே வைக்கிறோம் என்பது. திரவம் நகர்ந்தாக வேண்டும், அதற்கு மில்லிநொடிகள், பல நேரம் நொடிகளே ஆகும். வழக்கமாக இந்த வேலைக்கு வைக்கும் குறைக்கடத்தி சுவிட்சான PIN டையோடு மைக்ரோநொடிக்குள் மாறிவிடும். கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை தாவ வேண்டிய வேலைக்கு டையோடையே வையுங்கள். எப்போதாவது மாறினால் போதும், ஆனால் மாறும் அளவு பெரிதாக இருக்க வேண்டும், அனுப்பும் சக்தியும் அதிகம், குறைக்கடத்தி கிளப்பும் சிக்னல் சிதைவு வரக் கூடாது என்றால் அப்போது சிரிஞ்சை எடுங்கள்.