தொட்டியில் அம்போங்-அம்போங் வளர்ப்பது எப்படி?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலோரமாக நடந்திருந்தால் இந்தப் புதரைப் பார்த்திருப்பீர்கள். தடித்த இளம்பச்சை இலை, பாதியைக் கிள்ளி எடுத்துவிட்டதுபோல் ஒருபக்கம் மட்டும் விரிந்த வெள்ளைப் பூ. மலாயில் அம்போங்-அம்போங், தாவரவியலில் ஸ்கேவோலா டக்காடா. நம் ஊரில் இயற்கையாகவே வளரும் செடி. ஆண்டு முழுக்கப் பசுமையாக இருக்கும். உப்புக்காற்று, வெயில், வறட்சி எல்லாம் தாங்கும். வீவக (வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் இதற்கு எமன், தொட்டிக்குள் தேங்கும் ஈரம்தான். ஆகவே இந்தப் பதிவில் பாதி மண்ணைப் பற்றியே இருக்கும்.

முதலில் நடுவதற்கான குச்சி. பூங்காச் செடியை அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நாற்றுப்பண்ணையில் செடியாகவே வாங்கிவிடுங்கள். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டில் ஒரு சாண் போதும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்கி, ஈர மணலில் செருகி நிழலில் வையுங்கள். கத்தரியில் நான் கறார்: இரண்டு அலகும் உரசிக் கடக்கும் வகைதான் வேண்டும். ஒரு தட்டின்மேல் அலகு அழுத்தி வெட்டும் வகை தண்டை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்தில் அழுகல் தொடங்கும்.

அடுத்தது மண். கடையில் பையாக வரும் தொட்டி மண்ணில் பெரும்பாலும் தேங்காய் நார்த்தூளும் மட்கும்தான். கீரைக்கு அருமை, இதற்கு ஆகாது. அது ஒரு பங்கு என்றால், கரடு மணலோ பெர்லைட்டோ (பொரிபோல் லேசான வெள்ளைக் கல்துகள்) இரண்டு பங்கு கலக்கிறேன். கட்டட வேலைக்கான பொடி மணல் வேண்டாம், இடைவெளிகளை அடைத்துவிடும்.

"அடியில் கூழாங்கல் பரப்புங்கள், நீர் வடியும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பொடி மண் தன்னிடமுள்ள நீரைச் சுலபத்தில் கீழே இருக்கும் பெரிய கல்லுக்கு விடாது. முழுக்க ஊறிய பிறகே சொட்டும். கல் அடுக்கின் உயரத்துக்கு அந்த ஈரப் பகுதியும் மேலேறி, வேருக்கு நெருக்கமாக வந்து நிற்கும். அடி ஓட்டையை ஒரு வலைத்துண்டால் மூடி, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவையாக நிரப்புங்கள். ஒரு குவளை நீர் ஊற்றிப் பாருங்கள். மேலே குளம்போல் நின்றால் இன்னும் மணல் சேருங்கள். தொட்டி மெருகிடாத மண்தொட்டியாக இருந்தால் நல்லது, சுவர் வழியாகவும் ஈரம் போகும்.

வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் பாருங்கள். பிறகு அட்டவணை போட்டு ஊற்றாதீர்கள். ஈரமானி வாங்குவது வீண் செலவு. ஒரு சாத்தே குச்சியை ஆழமாகக் குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்று நீர் வேண்டாம். நண்பகலில் இலையோரம் சுருண்டாலும் இதே சோதனைதான்.

நல்ல வெயில் படும் இடம் கொடுங்கள். உரம் பேருக்குக் கொஞ்சம். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும், அதனால் நுனியை வெட்டிக்கொண்டே இருங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி கூடவே கூடாது.

பின்சேர்க்கை: இலைக்கடியில் பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மாவுப்பூச்சி. நீரைப் பீய்ச்சிக் கழுவி, பாத்திரச் சோப்பு சில துளி கலந்த நீரால் துடையுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பூச்சியைக் காவல்காப்பது அதுதான்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை எடுத்துவிட்டால் தாழ்வாரம் முழுக்க ஈரமாகிறதே என்று இன்னொருவர் கேட்டார். தட்டு இருக்கட்டும், நீர் ஊற்றிய அரைமணியில் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேரும் அழுகும், ஏடிஸ் கொசுவும் முட்டையிடும். மேல்மண் இறுகினாலும் நீர் தேங்கும். அதே சாத்தே குச்சியால் கிளறிவிடுங்கள்.