கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு மாற்றமா? வீட்டுச் செலவை இப்படி ஒப்பிடுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் மாதம் 80,000 ரூபா வாடகை கொடுத்தவருக்கு வவுனியாவில் 35,000 ரூபாவுக்குத் தனி வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 45,000 மிச்சம் என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். நான் இங்கே வவுனியாவில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். எங்கள் குடும்பமும் கொழும்பிலிருந்து வந்ததுதான். அதனால் மாற்றலாகி வருகிறவர்கள் வீடு பார்க்கத் தொடங்கியதும் என்னைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: வாடகையை வாடகையோடு வைத்துப் பார்க்காதீர்கள். அந்த வீட்டில் இருப்பதற்கு ஒரு வருசத்தில் உங்கள் கையிலிருந்து மொத்தமாக எவ்வளவு போகும் என்று இரண்டு ஊருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். அதை 12ஆல் பிரியுங்கள். வருகிற தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். (இதில் நான் போடும் ரூபாக்கள் கணக்கு விளங்குவதற்கு வைத்தவை. வாடகை தெருவுக்குத் தெரு மாறும்; உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.)

முதலில் முற்பணம். கொழும்பில் ஆறு மாத வாடகை, சில இடங்களில் ஒரு வருச வாடகை என்று கேட்பார்கள். இதில் இரண்டு வகை இருக்கிறது. மாதாமாதம் வாடகையில் கழித்துக்கொண்டு வருவது ஒன்று, வீட்டை விடும்போது திருப்பித் தருவது மற்றது. "அட்வான்ஸ் ஆறு லட்சம்" என்று ஒருவர் சொன்னால் எந்த வகை என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். திருப்பித் தருவது என்றாலும் அது சும்மா இல்லை. ஆறு லட்சம் வங்கியில் 8 வீத வட்டிக்குக் கிடந்தால் வருசம் 48,000 ரூபா வரும், மாதம் 4,000. அந்த 4,000 உங்கள் வாடகையோடு சேர வேண்டிய காசு. நகையை அடகு வைத்துக் கட்டுகிறீர்கள் என்றால் அடகு வட்டியைப் போடுங்கள், அது இன்னும் கூட. தொடர்மாடி வீடாக இருந்தால் பராமரிப்புக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா வெளியிலா என்பதும் எழுத்தில் வரட்டும்.

வவுனியாவில் முற்பணம் பெரும்பாலும் பெரிய தலையிடியாக இருக்காது. இங்கே கேட்க வேண்டியது வேறு. நல்ல வீடுகளில் பல, வெளிநாட்டில் இருக்கிறவர்களுடையவை. சாவி தம்பியிடமோ பெரியம்மாவிடமோ இருக்கும். மூன்று அறை வீடு என்பார்கள். போய்ப் பார்த்தால் ஒரு அறை பூட்டிக் கிடக்கும், உள்ளே அவர்களுடைய கட்டில், அலுமாரி, சாமிப் படங்கள். அது உங்களுக்கு இரண்டு அறை வீடு, அந்தக் கணக்கில்தான் விலை பேச வேண்டும். ஆடி, ஆவணியில் அவர்கள் லீவுக்கு வந்தால் எங்கே தங்குவார்கள் என்றும் கேளுங்கள். கையெழுத்து வைப்பவரிடம் அற்றோணித் தத்துவம் (வீட்டுக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனித் தண்ணீர். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை, ஏனென்றால் அங்கே குழாயைத் திறந்தால் வரும். வவுனியாவில் சில வீதிகளுக்குக் குழாய் நீர் இருக்கிறது, மற்ற வீடுகளில் கிணறுதான். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர் தேத்தண்ணி குடிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். குசினிக்குள் எட்டி, கேத்திலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை தடிப்பாகப் பிடித்திருந்தால் அந்தத் தண்ணீர் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும்தான். குளியலறைக் குழாயின் வாயும் அதையே சொல்லும். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் இருக்கிற கிராமங்கள் உண்டு என்பதால் இங்கே நிறைய வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குகிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்று நினைத்து அதை 30ஆலும் ஒரு லீற்றர் விலையாலும் பெருக்கி எழுதுங்கள். கானைத் தூக்கிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள் என்பதும் ஒரு கேள்விதான், முக்கியமாக வயது போனவர்கள் தனியாக இருக்கும் வீட்டில்.

கிணறு வற்றுமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு வேலையில்லை. பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் எவ்வளவுக்கு நிற்கும் என்று. முடிந்தால் அந்த மாதங்களிலேயே வீடு பாருங்கள். மாரியில் எல்லாக் கிணறும் நிரம்பித்தான் இருக்கும்.

கிணற்றோடு சேர்ந்து வருவது மோட்டர், மோட்டரோடு சேர்ந்து வருவது கரண்ட் பில். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், மாதாமாதம் காசு போகிற இடம் இது. மின்கட்டண முறை நாடு முழுக்க ஒன்றுதான். வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிற்றுக்குள் இருந்தால் ஒரு விலைப்பட்டியல். 60ஐத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே வேறு விலை. அதற்குப் பிறகு 90, 120, 180 என்று படிப்படியாக ஏறும். ஒரு குதிரைவலு மோட்டரை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போட்டால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 11 யூனிற். கொழும்பில் 55 யூனிற்றில் நின்ற சிறு குடும்பம் இங்கே மோட்டருக்காக மட்டும் 66க்குப் போய்விடும். அந்த 11 யூனிற்றுக்கான காசு மட்டும் கூடுவதில்லை, முழுப் பில்லும் ஏறும்.

வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையில் கடல் காற்று வரும்; இங்கே பங்குனி, சித்திரையில் இரவிலும் ஃபேன் நிற்காது. சாதாரண மேற்கூரை ஃபேன் ஒன்று ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் சுற்றினால் மாதம் 22 யூனிற் அளவு. அதனால் கூரையைப் பாருங்கள். ஓட்டு வீடும், சுற்றி மரம் நிற்கிற வீடும் எவ்வளவோ மேல். கூரைக்குச் சீற் போட்ட வீட்டைப் பகல் ஒரு மணிக்குப் போய்ப் பாருங்கள், காலையில் பார்த்தால் எல்லா வீடும் குளிர்ச்சிதான். 5,000 ரூபா வாடகை குறைவென்று சீற் வீட்டை எடுத்துவிட்டுப் பிறகு ஏசி பூட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் முன் வீட்டில், நீங்கள் பின்பக்க அனெக்ஸில் என்றால் மீற்றர் தனியா என்று கேளுங்கள். ஒரே மீற்றர் என்றால் இரண்டு குடும்பத்தின் யூனிற்றும் ஒன்றாகச் சேர்ந்து உயர்ந்த படிக்குப் போகும். பில்லைப் பாதி பாதியாகப் பிரித்தாலும், தனி மீற்றரில் கட்டுவதைவிடக் கூடத்தான் வரும். என்னைக் கேட்டால், 3,000 ரூபா கூடக் கொடுத்தாவது தனி மீற்றர் உள்ள வீட்டை எடுங்கள்.

போக்குவரத்து. வெள்ளவத்தையில் காலி வீதிக்கு நடந்து வந்தால் பஸ், கடற்கரைப் பக்கம் போனால் ரயில். பிள்ளைகளின் ரியூசனும் நடை தூரம். வவுனியாவில் நெளுக்குளம், கூமாங்குளம் பக்கம் வாடகை குறையும், ஆனால் மோட்டார் சைக்கிள் இல்லாமல் முடியாது. பிள்ளைகளின் ரியூசன் பெரும்பாலும் வைரவபுளியங்குளத்தில். பின்னேரம் கொண்டுபோய் விடவும் இருட்டியபின் கூட்டி வரவும் ஒருவர் வேண்டும். இல்லையென்றால் ஓட்டோவுக்கு மாதக் காசு பேச வேண்டும். ஓ.எல், ஏ.எல் படிக்கிற பிள்ளை இருந்தால் நகரத்துக்குள் கூடுதல் வாடகை கொடுப்பதே லாபம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

கொழும்புக்குத் திரும்பிப் போகும் செலவையும் விடாதீர்கள். இங்கிருந்து ஏறத்தாழ 255 கிலோமீற்றர். அம்மா அப்பா அங்கே, கிளினிக் அங்கே என்றால் மாதம் ஒரு முறையாவது பஸ் ஏற வேண்டி வரும். அதுவும் இந்த வீட்டின் செலவுதான்.

பிறகு வெறும் வீடு. கொழும்புத் தொடர்மாடியில் குசினி அலுமாரி, திரைச்சீலைக் கம்பி, சில இடங்களில் ஏசி கூட இருக்கும். இங்கே பல வீடுகளில் பல்ப்பைக் கூடக் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஃபேன், நுளம்பு வலை, தண்ணீர்த் தாங்கி, லொறிக் கூலி எல்லாம் சேர்த்து 180,000 போனால் அதை ஒரே மாதத்தில் எழுதாமல் நீங்கள் இருக்கப்போகும் காலத்துக்குப் பிரியுங்கள். இரண்டு வருசம் என்றால் மாதம் 7,500. ஒரு வருசத்தில் திரும்ப மாற்றம் வரும் என்றால் 15,000. லொறிக்கு, கொழும்பில் சாமான் இறக்கிவிட்டு வெறுமனே ஊர் திரும்புகிற வவுனியா லொறி அகப்படுமா என்று விசாரியுங்கள், கூலி நன்றாகக் குறையும்.

வரவுப் பக்கமும் உண்டு. வளவில் தென்னை நின்றால் தேங்காய் யாருக்கு என்று முதலே பேசுங்கள், தேங்காய் விற்கிற விலைக்கு அது சின்ன விசயம் இல்லை. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, விறகடுப்புக்கு ஒரு பத்தி, இவை கடைச் செலவையும் காஸ் செலவையும் குறைக்கும்.

எல்லாவற்றையும் கூட்டுவோம். கொழும்பு: வாடகை 80,000, பராமரிப்பு 8,000, முற்பண வட்டி 4,000, பஸ் ரயில் 6,000. மொத்தம் 98,000. வவுனியா: வாடகை 35,000, குடிதண்ணீர் 3,000, கூடுதல் மின்சாரம் 4,000, பெற்றோலும் ஓட்டோவும் 15,000, கொழும்புப் பயணம் 8,000, வீட்டுச் சாமான் 7,500. மொத்தம் 72,500. மிச்சம் 25,500. வவுனியா மலிவுதான், ஆனால் 45,000 மிச்சம் வரும் என்று நம்பிச் சீட்டுப் போட்டால் ஆறாம் மாதம் கட்ட முடியாமல் நிற்பீர்கள்.

கிளிநொச்சிக்கு மாற்றம் என்றால் இன்னொரு வழியையும் சேர்த்து எழுதுங்கள்: அங்கே வீடு எடுக்காமல் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ தினமும் போய்வருவது. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஏ9 வழியே யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றர் அளவு, வவுனியா 80க்குக் கிட்ட. சீசன் ரிக்கற் காசு வாடகையைவிடக் குறைவாகத் தெரியும். தினமும் பயணத்தில் போகிற மூன்று மணித்தியாலத்தை உங்கள் உடம்பு தாங்குமா என்பதையும் யோசியுங்கள். கிளிநொச்சியிலேயே எடுத்தால் மாரி வெள்ளத்தைப் பற்றிக் கேளுங்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது தண்ணீர் எதுவரை வந்தது என்று அயலில் எல்லாருக்கும் தெரியும். சுவரில் புதுப் பெயின்ற் முழங்கால் உயரம் மட்டும் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

வாடகை வேண்டாம், காணி வாங்குவோம் என்பவர்களுக்கு இரண்டே விசயம். கொழும்பில் பேர்ச் விலை சொல்வார்கள், இங்கே பரப்பு விலை. ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். பேர்ச்சுக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். மற்றது, வன்னியில் பெருமளவு காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. உறுதி எழுதிய சொந்தக் காணியைவிட (உறுதிக் காணி) அது மலிவாக வரும். ஆனால் உறுதிக் காணி மாதிரி நினைத்தபடி கைமாற்ற முடியாது, பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும், வங்கிக் கடனும் இலேசில் கிடைக்காது. அந்த இரண்டின் விலையை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

கடைசியாக ஒப்பந்தம். இங்கே "எங்கட ஆக்கள்தானே" என்று வாய்ப்பேச்சோடு விடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். அதற்கான செலவையும் பட்டியலில் போடுங்கள். வாடகை எப்போது எவ்வளவு கூடும், மோட்டர் பழுதானால் யார் திருத்துவது, கிணறு இறைப்பது யார், விடும்போது பெயின்ற் அடிக்க வேண்டுமா, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். சாவி வாங்குகிற அன்றே மின்மீற்றரையும் தண்ணீர் மீற்றரையும் திகதி தெரிய போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பழைய பில் பாக்கி உங்கள் தலையில் வராது.