கார் சாவி ரிமோட் வேலை செய்யாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டனை அழுத்தியும் கதவு திறக்கவில்லை என்றவுடன், பழுது ரிமோட்டில்தான் என்று முடிவுகட்டிவிடுவதே பலரும் செய்யும் முதல் தவறு. இரண்டாவது சாவியை அழுத்திப் பாருங்கள். அதுவும் வேலை செய்யாவிட்டால், காரின் பேட்டரி இறங்கியிருக்கிறதா, ஏதேனும் ஒரு கதவு சரியாகச் சாத்தப்படாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பழுது ரிமோட்டில்தான் என்று உறுதியான பிறகும், பேட்டரி மாற்றுவதில் அவசரம் கூடாது. ரிமோட்களில் போடும் நாணய வடிவப் பேட்டரிகளான சிஆர்2032, சிஆர்2025 இரண்டுமே 3 வோல்ட், 20 மி.மீ. விட்டம் கொண்டவை, ஆனால் முதலாவது 3.2 மி.மீ. தடிமன், இரண்டாவது 2.5 மி.மீ. மட்டுமே. மெல்லியதைப் போட்டுவிட்டு, இடைவெளியை அலுமினியத் தாளை மடித்துச் செருகி அடைப்பது ஷார்ட் சர்க்யூட்டில் முடியலாம். வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய பேட்டரியை நம்பிவிடுவதும் சரியல்ல. பட்டனை அழுத்தும் நொடியில் மின்னோட்டம் தேவைப்படும்போதுதான் தேய்ந்த பேட்டரியின் வோல்டேஜ் சரியும். குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் சில ரிமோட்களில் சரியாகத் தொடர்பு கொள்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும், பேட்டரியைத் தொடும் தகடு வளைந்தோ பச்சை பூத்தோ இருக்கிறதா என்று கவனியுங்கள்; புதிய பேட்டரிக்குப் பிறகும் ரிமோட் இயங்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இவற்றையெல்லாம் பார்க்காமல், இணையத்தில் கண்ட முறைப்படி ரிமோட்டை மீண்டும் பதிவுசெய்ய முயல்வதுதான் மிகவும் ஆபத்தான தவறு. சில கார்களில் பதிவு முறை தொடங்கியதும் முன்பு பதிவான சாவிகள் எல்லாம் அழிந்துவிடும். அப்போது கையில் இல்லாத சாவியும் செயலிழந்துபோகும். அதே நேரத்தில், குழந்தை விளையாட்டாகக் காருக்கு வெகு தொலைவில் பலமுறை பட்டனை அழுத்தியிருந்தால், ரிமோட் ஒவ்வொரு முறையும் மாற்றி அனுப்பும் குறியீடு, கார் எதிர்பார்க்கும் வரிசையைத் தாண்டிப் போயிருக்கலாம். அதற்குப் புதிய ரிமோட் வேண்டியதில்லை. ரிமோட்டையும் காரையும் மீண்டும் ஒத்துப்போகச் செய்ய, காரின் கையேட்டில் உள்ள ஒத்திசைவு முறையே பெரும்பாலும் போதும்.

ரிமோட் இயங்காவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது என்று பதறி, இழுவை வண்டியை அழைக்கவும் வேண்டாம். சாவியைக் காருக்கு அடையாளம் காட்டி ஸ்டார்ட் ஆகவிடும் இம்மொபிலைசர் சிப்புக்குப் பேட்டரி தேவையில்லை. ஸ்டார்ட் பட்டன் உள்ள கார்களில், ரிமோட்டின் உள்ளே மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனின் மீதோ கையேடு காட்டும் இடத்திலோ வைத்துப் பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யலாம்.