குவாமானியனா சமோரோவா, எதை எங்க போடணும்?

பசிபிக் கடல்ல அமெரிக்கா கையில இருக்கிற குவாம் தீவைப் பத்தி எழுதுறப்பவோ சப்டைட்டில் போடுறப்பவோ "குவாமானியன்"னு வந்தா நிறைய பேர் அங்க ஒரு நிமிஷம் முழிக்கிறாங்க. முதல்ல பாக்க வேண்டியது, பேச்சு ஊரைப் பத்தியா இனத்தைப் பத்தியாங்கிறதுதான். ஊர்னா குவாமானியன், அங்கயே பொறந்து வளர்ந்த பிலிப்பினோ வீட்டுப் பையனும் அதுல சேர்த்தி. சமோரோன்னா அந்தத் தீவோட பூர்வகுடி, 1521ல ஸ்பெயினுக்காகக் கடல்ல கிளம்பின மாலுமி மெகல்லன் கப்பல் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அங்க இருந்த ஜனங்க.

சிக்கல் எங்கன்னா, சமோரோ ஆளுங்க பக்கத்துல சைப்பான், ரோட்டா தீவுகள்லயும் இருக்காங்க. முன்னாடி இந்தத் தீவுகள் எல்லாம் ஸ்பெயின் கையிலதான் இருந்துச்சு, 1898ல அமெரிக்காவோட நடந்த போர்ல ஸ்பெயின் தோத்ததும் குவாம் அமெரிக்கா கைக்குப் போச்சு, சைப்பான், ரோட்டா இருக்கிற வடக்குத் தீவுகளை ஜெர்மனி வாங்கிடுச்சு, அப்புறம் அது ஜப்பான்கிட்ட போச்சு, இப்படி ஒரே ஜனம் ரெண்டு கொடிக்குக் கீழ வந்துட்டாங்க. குவாமானியன்ங்கிற பேர் நல்லா பரவுனது ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான். அதனால சைப்பான்ல இருக்கிற சமோரோ பாட்டியை குவாமானியன்னு எழுதிடாதீங்க, கண்டிப்பா தப்பு.

மொழி, சாப்பாடு, பழக்கவழக்கம்னு வந்தா சமோரோதான் போடணும். சுட்ட கோழியைப் பொடிசா நறுக்கி எலுமிச்சை, தேங்காய்த் துருவல், காரமான மிளகாய் போட்டுப் பிசையுற கெலாகுவென் இருக்கே, அது சமோரோ சாப்பாடு, சைப்பான்லயும் அதே ருசிதான். குவாமானியன் மொழின்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

அரசாங்கம், காலேஜ், ஏர்போர்ட்னா வெறும் குவாம் போதும்: குவாம் கவர்னர், குவாம் பல்கலைக்கழகம். இங்கிலீஷ்லயும் அப்படித்தான் எழுதுறாங்க. "குவாமிய அரசு"ன்னு சிலர் இழுக்கிறாங்க, எனக்கு அது காதுல ஒட்டவே இல்ல, தமிழ்ல ஊர்ப்பேரை முன்னாடி வச்சாலே வேலை முடிஞ்சுது, ஆளைச் சொல்லணும்னா குவாம்காரர்னே எழுதலாம்.

குடியுரிமைன்னு வந்தா அமெரிக்கன்னு போடுங்க, 1950 சட்டத்துலேர்ந்து அங்க பொறக்கிறவங்க அமெரிக்கக் குடிமக்கள், ஆனா தீவுல இருந்துக்கிட்டு ஜனாதிபதி தேர்தல்ல ஓட்டு போட முடியாது. இதையே அப்படியே பசிபிக்ல அமெரிக்கா கையில இருக்கிற இன்னொரு இடமான அமெரிக்கன் சமோவாவுக்குத் தூக்கிப் போட்டுடாதீங்க, அங்க பொறந்தவங்களுக்கு அந்தக் குடியுரிமை தானா வராது. சமோரோவையும் சமோவாவையும் ஒண்ணுன்னு நினைச்சு மாத்திப் போடுறதும் நடக்குது, சமோவா பூமத்திய ரேகைக்குத் தெக்க, எங்கயோ இருக்கு.